இம்பாக்ட் பை: அயர்ன் அடியைத் திருத்த இது மட்டும் போதுமா?

வன்னிக்குள் கோல்ஃப் திடல் இல்லை. சீனன்குடா, திகன, நுவரெலியா என்று வெளியேதான் போகவேண்டும். ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வீட்டு முற்றத்தில் பழகுகிறவருக்கு, மட்டை பந்தைத் தொடும் கணத்தைத் திருத்தும் இம்பாக்ட் பை, அதாவது பந்துக்குப் பதிலாக மட்டையால் அடித்துப் பழகும் பை, நல்ல துணை. ஆனால் அது செய்வது பாதி வேலைதான். மிச்சத்தை முற்றத்தில் பரப்பும் மணல் செய்யவேண்டும்.

பை பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும், நிரப்புவது நம் பொறுப்பு. பலர் பிழை விடுவதும் இங்கேதான். சும்மா கிடைக்கிறதே என்று உமியை அடைத்தால் எடை காணாது, இரண்டு அடியில் உருண்டுவிடும். மணலை அடைத்தால் அதிர்வு நேரே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறும். பழைய சாரம், சேலை, துவாய் எல்லாவற்றையும் இறுக்கிச் சுருட்டி, முதலில் மூலைகளில் திணித்து, பிறகு நடுவை நிரப்புங்கள். மாரியில் வெளியே விட்டுவிடாதீர்கள். உள்ளே துணி பூஞ்சணம் பிடித்துவிடும்.

இனி வலக்கைக்காரரை வைத்துச் சொல்கிறேன். பையை இடது குதிக்கு நேரே வையுங்கள். பழைய 7ஆம் இலக்க அயர்ன் (இரும்புத் தலை மட்டை) போதும், நல்ல மட்டையை இதில் அடிக்கவேண்டாம். இடுப்பளவு மட்டும் தூக்கி, அரை வேகத்தில் அடித்து, பட்ட இடத்திலேயே மூன்று விநாடி அப்படியே நில்லுங்கள். இந்த மூன்று விநாடிக்காகத்தான் காசு கொடுக்கிறோம். கைகள் மட்டைத் தலைக்கு முன்னே, இலக்குப் பக்கமாக இருக்கின்றனவா? இடது மணிக்கட்டின் புறம் தட்டையாக இருக்கிறதா, பின்னால் மடங்கிவிட்டதா? வலது பாதத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்: விழப்பார்த்தால் பாரம் இன்னும் பின்காலில்தான் நிற்கிறது. மட்டையின் முகம் முழுதாகப் பையில் படவேண்டும். மட்டைத் தலையின் நுனி முதலில் பட்டால் முகம் மூடியிருக்கிறது (இடப்பக்கம் திரும்பியிருக்கிறது), தண்டு பொருந்தும் குதிப்பக்கம் முதலில் பட்டால் திறந்திருக்கிறது (வலப்பக்கம் திரும்பியிருக்கிறது).

பந்தை மேலே கிளப்பவேண்டும் என்று மணிக்கட்டைச் சுண்டும் பழக்கத்தை, அதாவது கைகளை மட்டைத் தலை முந்திவிடும் குறையை, இந்தப் பை அருமையாகக் காட்டிக்கொடுக்கிறது. பந்தைக் கிளப்புவது மட்டை முகத்தின் சாய்வு. கைக்கு அந்த வேலை இல்லை. கிரிக்கெட்டில் முன்காலில் ஆடி, கைகளை முன்னே விட்டு, பந்தை நிலத்தோடு அடித்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

குறை என்னவென்றால், வீச்சு பையோடு நின்றுவிடுகிறது. ஐம்பது, நூறு என்று அடித்துக்கொண்டே போனால் பந்தைக் கடந்து வீசும் பழக்கம் கெடும். பாரத்தைப் பின்காலில் வைத்துக்கொண்டு கைகளை மட்டும் முன்னே தள்ளி, பையில் அழகாக நிற்கவும் முடியும்! அப்படிப் பழகினவர் பந்துக்கு வந்ததும் மண்ணை வெட்டுவார். பத்து அடி, பிறகு பையை விலக்கிவிட்டு ஐந்து முழு வீச்சு: இதுதான் அளவு.

வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பை சொல்லவே சொல்லாது. கெட்டியான அயர்ன் அடியில் மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தைத் தொடும், அதன்பின் பந்தைத் தாண்டி இலக்குப் பக்கமாக நாலு விரற்கடையில்தான் தாழ்ந்த இடத்தை அடையும். செயற்கைப் புல் பாயில் பந்துக்குப் பின்னால் விழுந்த அடியும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடுவதால் பிழை தெரியாது. மணல் அப்படி ஏமாற்றாது. முற்றத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மணல் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, இரண்டு பாதங்களின் நடுவுக்குச் சற்று இலக்குப் பக்கமாக, வீச்சுக்குக் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். பந்து இல்லாமலே அடியுங்கள். மட்டை மணலில் விடும் வெட்டு கோட்டிலோ அதைத் தாண்டி இலக்குப் பக்கமாகவோ தொடங்கினால் சரி. பின்னால் தொடங்கினால் பாரம் முன்னே வரவில்லை, அல்லது மணிக்கட்டு முந்தி அவிழ்ந்துவிட்டது. வெட்டு இடப்பக்கம் சாய்ந்து கிடந்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே, உடம்புப் பக்கமாக இழுபட்டு வருகிறது. அதைப் பையாலும் திருத்தமுடியாது. வெட்டின் ஆழம் ஒரு சென்ரிமீற்றரே அதிகம்.

கோடையில் இறுகிய செம்மண்ணில் இதைச் செய்யாதீர்கள். மட்டையின் அடி தெறித்து பந்தின் தலையில் படும், மணிக்கட்டும் நோகும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியிலோ அதன் பக்கத்துப் பற்றையிலோ வெட்டவும் வேண்டாம், பந்து தேடிப் போகவும் வேண்டாம். பந்து போனால் போகட்டும்.

சுண்டும் குறை உள்ளவர் வாங்கலாம். மண்ணை முதலில் வெட்டுவதுதான் குறை என்றால், ஒரு மாதம் மணற்கோட்டில் பழகிவிட்டு, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள்.