பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவை வீட்டில் வைத்துப் பார்ப்பது: ஒன்றரை வருஷ அனுபவம்

அம்மாவுக்கு வயது 74. சுகரும் பிரஷரும் ரொம்ப காலமாக உண்டு. பக்கவாதம் வந்ததில் வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மூக்கில் உணவுக்குழாய், யூரின் டியூப் இரண்டுமே இருந்தன. நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி சென்னையில். வீட்டுக்குக் கூட்டி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதே நிலையில் இருக்கிற குடும்பம் ஹோம் கேர் ஏஜென்சிக்குப் போன் போடும் முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், "இருபத்து நாலு மணி நேரமும் ஆள் தருகிறோம்" என்று சொல்லும் ஏற்பாட்டை வாங்காதீர்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் வழியாகக் கஞ்சி. நடுவில் டயப்பர், துடைப்பு, மருந்து. ராத்திரியும் பகலும் ஒரே ஆள் இதைச் செய்தால் அவர் எப்போது தூங்குவார்? எங்களுக்கு முதலில் வந்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், அனுபவசாலி, அம்மா மேல் பிரியமாகவும் இருந்தார். மூன்றாவது வாரத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொக்கியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தாமலே ஊற்றிவிட்டார், அம்மாவுக்குப் புரை ஏறி மூச்சு திணறிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு மனுஷியால் முடிகிற வேலை இல்லை அது. ஏஜென்சியிடம் சொன்னதற்கு, "ஆளை மாத்தித் தர்றோம் மேடம்" என்றார்கள். வருகிற அடுத்த ஆளுக்கும் தூக்கம் வேண்டும்தானே.

அப்புறம் காலை 8 முதல் இரவு 8 வரைக்கும் மட்டும் ஆள் என்று மாற்றினோம். ராத்திரி 2 மணி வரை என் கணவர், அதற்குப் பிறகு நான். கஷ்டம்தான். அதனால் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரை வாரத்தில் சில ராத்திரிகளுக்கு மட்டும் தனியாகப் பேசி வைத்துக்கொண்டோம். முழுநாள் ஆளுக்கு மாதம் 24,000 கேட்டார்கள். பகல் ஆளுக்கு 17,000, ராத்திரி அக்காவுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே தொகைதான் வந்தது. அதே பணத்தில் அம்மாவைப் பார்ப்பவர்கள் எல்லோரும் தூங்கி எழுந்தவர்களாக இருந்தார்கள். இந்த ஒன்றரை வருஷத்தில் நாங்கள் செய்ததிலேயே பெரிய பலன் தந்தது இந்த மாற்றம்தான்.

ஏஜென்சியிடம் பேசும்போது, வருபவர் நர்ஸா அட்டெண்டரா என்று தெளிவாகக் கேளுங்கள். ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் படிப்பை முடித்தவர் நர்ஸ். அட்டெண்டருக்குக் குளிப்பாட்ட, புரட்ட, ஊட்டப் பழக்கம் இருக்கும். ஊசி போடுவதும் குழாய் மாற்றுவதும் அவர் வேலை இல்லை. எங்களிடம் போனில் "ஹோம் நர்ஸ்" என்று சொல்லிவிட்டு அட்டெண்டரைத்தான் அனுப்பினார்கள். இன்சுலினை நான் போட்டேன், குழாய் மாற்றுவதற்கு மட்டும் நர்ஸ் ஒருவரைத் தனியாக வரவழைத்தோம். இன்னொன்று, நாம் கொடுக்கிற தொகையில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது வந்த பதில் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் அதில்தான் பதில் இருந்தது.

ஆள் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அதற்காக கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினோம். பக்கத்தில் ஒரு நீள நோட்டு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் படுத்தார், எத்தனை மில்லி கஞ்சி, யூரின் எவ்வளவு, மோஷன் போனாரா, சுகர் எவ்வளவு, எல்லாம் அதில் ஏறும். டாக்டரிடம் போகும்போது நான் வாயால் சொன்னதைவிட அந்த நோட்டைத்தான் அவர் கூர்ந்து பார்த்தார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பில் கட்டுகிற அவசரத்தில் யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். இரண்டு நாள் முன்னாலேயே வார்டு நர்ஸிடம் கேட்டு, உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். குழாயில் ஊற்றும் முன், மூக்கருகே குழாயின் மேல் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஊற்றவே கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே. ஒரு தடவைக்கு எங்களுக்குச் சொன்ன அளவு 200 மில்லி. கேழ்வரகுக் கஞ்சியை நைசான வடிகட்டியில் வடித்த பிறகுதான் ஊற்றுவோம், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கஞ்சி ஊற்றும் முன்னும் பின்னும் ஆறிய வெந்நீர் கொஞ்சம் குழாயில் விட வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குத் தருகிற பான்டோபிரசோல் மாதிரி மேல்பூச்சு உள்ள மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி, எதைப் பொடிக்கலாம் என்று டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கினேன். வாய் வழியாகச் சாப்பிடாவிட்டாலும் வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கட்டிலை விலைக்கு வாங்க வேண்டாம். தலைப்பக்கமும் கால்பக்கமும் உயர்கிற ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கள் ஊர் ஐகிரவுண்டு பக்கத்து சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. படுக்கைப் புண்ணைத் தடுக்க உதவுகிற காற்று மெத்தை, அதாவது ஏர் பெட் மட்டும் சொந்தமாக வாங்கினோம். கரண்ட் போனால் அதன் மோட்டார் நின்று காற்று இறங்கிவிடும் என்பதால் அதை இன்வெர்ட்டர் லைனில் போட்டோம். ஏர் பெட் இருக்கிறதே என்று புரட்டுவதை விட்டுவிடக் கூடாது. ஒரு தடவை அம்மாவின் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. படுக்கைப் புண் அப்படித்தான் ஆரம்பிக்கும். அப்போது இருந்த அட்டெண்டர் எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போனார், நான் தடுத்துவிட்டேன். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் பாரம் படாமல் மாற்றி மாற்றிச் சாய்த்துப் படுக்க வைத்தோம், குதிகாலுக்கு அடியிலும் பாரம் படாதபடி கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுத்தோம். சில நாளில் மறைந்தது.

செலவில் நான் கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தது பிசியோதெரபிக்குத்தான். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில் வருகிற முன்னேற்றம்தான் பெரியது. அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக. வீட்டுக்கு வருகிற பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 400 ரூபாய். அவர் முதல் நாளே சொன்னது, விழுந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும் என்று. வருகிற அட்டெண்டர்களில் பலருக்கு இது தெரியவில்லை, உறவுக்காரர்களுக்கும் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் அந்தக் கையைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். சுவர்த் தாளில் முதல் வரியாக இதைத்தான் எழுதினோம்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய திட்டம் அது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த பிறகு, தன்னார்வலர் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் திட்டத்தின் பிசியோவும் வருகிறார். தினமும் வர முடியாது, அதனால் முதல் சில மாதத்துக்கு அது மட்டும் போதாது. இப்போது எங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை நம்பி ஆள் சம்பளத்துக்குத் திட்டம் போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீடானாலும் தனியார் பாலிசியானாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற செலவுக்குத்தான் அடிப்படையில் இருக்கிறது. எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, டெஸ்ட் பில் கிடைத்தது. அட்டெண்டர் சம்பளமும் டயப்பரும் கிடைக்கவில்லை.

இப்போது இருக்கிறவர் ஏஜென்சி வழியாக வந்தவர் இல்லை. பிசியோ சொல்லி வந்தவர், மேலப்பாளையத்துக்காரர். முழுச் சம்பளமும் அவர் கைக்கே போகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு, மதியம் ஒரு மணி நேரம் படுக்கத் தனி இடம், எங்களுக்கு என்ன சாப்பாடோ அதே சாப்பாடு. எதைச் செய்வதானாலும் முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "ஆச்சி, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்போமா?" என்று கேட்டு, அம்மா கண்ணை அசைக்கும்வரை பொறுத்திருப்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் இப்படியே பேசுங்கள் என்றார்.

யூரின் டியூப் முதலில் போனது, விழுங்குவதைச் சோதித்துப் பார்த்த பிறகு உணவுக்குழாயும் போனது. இட்லியை சாம்பாரில் நன்றாகக் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் மட்டும் இன்னும் கெட்டிப்படுத்தித்தான் கொடுக்கிறோம், ஏனென்றால் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் புரை ஏறும். நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, ஆள் துணையோடு திண்ணை வரை நடக்கிறார். வாடகைக் கட்டிலைப் போன மாதம்தான் திருப்பிக் கொடுத்தோம். பகல் ஆளை இன்னும் நிறுத்தவில்லை. அம்மா குளியலறைக்குத் தனியாகப் போய் வரும் வரைக்கும் நிறுத்தப்போவதும் இல்லை.