ட்ரே வெளியே வந்தால் அது ஹாட் ஸ்வாப் சர்வர் ஆகிவிடாது

பழைய சர்வர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மூன்று வருட வேலையின் டேட்டாவைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

"நாலு டிஸ்க்குமே ஹாட் ஸ்வாப் சார். ஓடும்போதே உருவலாம், செருகலாம்" என்று சொல்லித்தான் ஒருவர் எனக்கு ஒரு பழைய சர்வரை விற்றார். முன்பக்கம் நான்கு ட்ரே, பூட்டு, பச்சை விளக்கு எல்லாம் இருந்தன. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று செத்தாலும் டேட்டாவைக் காக்கும் ரெய்டு 5-ஐ அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

போன மாதம் ஒரு டிஸ்க் செத்தது. ரெய்டு 5-ல் ஒன்று போனால் தாங்கும், டேட்டா அப்படியே இருந்தது. போன் செய்தேன். "சர்வரை நிறுத்த வேண்டாம், அப்படியே மாத்துங்க" என்றார். பழையதை உருவியபோது ஒன்றும் ஆகவில்லை. புதியதைச் செருகிய நொடியில் பக்கத்து டிஸ்க் 'டக்' என்று நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ரெய்டு அதையும் செத்த கணக்கில் எழுதிவிட்டது. இரண்டு போனால் ரெய்டு 5 எழுந்திருக்காது.

அப்போதுகூட டேட்டா போகவில்லை. நின்று எழுந்த டிஸ்க்கில் எல்லாம் இருந்தது, விவரம் தெரிந்தவர் மீட்டிருப்பார். "புதுசா அரே உருவாக்கி இனிஷியலைஸ் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார் விற்றவர். செய்தேன். அரே என்றால் டிஸ்க் தொகுப்பு, இனிஷியலைஸ் என்றால் அதைத் துடைத்து வெறுமையாக்குவது; அதில்தான் அத்தனையும் அழிந்தது. இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அப்புறம்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். ட்ரேக்களுக்குப் பின்னால், டிஸ்க்குகள் நேராகச் செருகிக்கொள்ளும் பேக்பிளேன் என்ற போர்டு இருக்க வேண்டும். இருந்தது டிஸ்க்கை இணைக்கும் சாதாரண சாட்டா கேபிள்கள். பவருக்கு, பழைய நாலு பின் கனெக்டரிலிருந்து ஒரே வயரை நாலாகப் பிரித்து விட்டிருந்தார்கள். முறையான சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள். செருகும்போது கிரவுண்ட் முதலில் தொடும், அடுத்து ப்ரீசார்ஜ் பின்கள் மின்சாரத்தை மெதுவாக உள்ளே விடும், மற்றவை அதற்குப் பிறகுதான். ஓடும் சர்வரில் டிஸ்க்கை மாற்ற முடிவதே இந்த வரிசையால்தான். நாலு பின் வயரில் ப்ரீசார்ஜுக்கு வழியே கிடையாது. புது டிஸ்க் ஒரேயடியாக இழுத்ததில் அதே வயரில் இருந்த பக்கத்து டிஸ்க்குக்கு வோல்டேஜ் இறங்கியிருக்கிறது.

திரும்பக் கேட்டால், "ட்ரே வெளிய வருதுல்ல சார், அதுதான் ஹாட் ஸ்வாப்" என்கிறார். பணமும் தர மாட்டாராம்.

வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பேக்பிளேன் இருக்கிறதா, ரெய்டு கார்டு ஹாட் ஸ்வாப்பை ஏற்குமா, டிஸ்க்குகள் மதர்போர்டு போர்ட்டிலேயே இணைந்திருந்தால் பயாஸ் என்ற அதன் அமைப்புத் திரையில் ஏஹெச்சிஐ என்ற டிஸ்க் முறையும் ஹாட் பிளக்கும் ஆன் செய்திருக்கிறதா என்று பாருங்கள். சோதனை டேட்டா போட்டு, உங்கள் கண் முன்னால் ஓடும் சர்வரில் ஒரு டிஸ்க்கை உருவி மறுபடி செருகச் சொல்லுங்கள். கொஞ்சம் இழுத்து, உள்ளே சுற்றும் தட்டு நிற்க அரை நிமிடம் விட்டு முழுதாக உருவ வேண்டும். ரீபில்டு, அதாவது அந்த டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி எழுதும் வேலை, தொடங்கி, மற்ற மூன்றும் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.