கீழ்ப் பல்செட்: வெறும் ஈறின் மேலா, இம்பிளான்டின் மேலா?

மேல் செட்டைப் பற்றி அவ்வளவாகப் புகார் வராது, அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். தகராறெல்லாம் வெறும் ஈறின் மேல் உட்காரும் கீழ்ச் செட்டில்தான். நாக்கு அசைந்தாலே தூக்கும், முறுக்கைக் கடித்தால் ஈறு புண்ணாகும். சாப்பிடும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு மட்டும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. செலவு குறைவு, அறுவை சிகிச்சை இல்லை. அதுதான் இதன் பலம்.

தாடை எலும்பில் 2 இம்பிளான்ட் (திருகு போன்ற செயற்கை வேர்) வைத்து, பிரஸ் பட்டன் போல 'டக்'கென்று மாட்டும் செட் வேறு ரகம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாக, 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். மென்று சாப்பிடுவதில் இதுவே முந்துகிறது. ஆனால் செலவு பல மடங்கு. செட்டுக்குள் பட்டனைப் பிடித்திருக்கும் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைப்பவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். பழைய செட்டே பழகி நிம்மதியாக இருக்கும் தாத்தாவை இதற்காக இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.