எச்சரிக்கை வந்த பிறகு யார் கூப்பிடுவது? மூடுல், ஸ்டார்ஃபிஷ், நேவிகேட் - டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

டர்பனுக்கு வந்த புதிதில் ஒருவர் எனக்கு வழி சொன்னார்: "ரெண்டாவது ரோபோவில் இடது பக்கம் திரும்புங்கள்." தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து சிக்னலை ரோபோ என்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த நிறங்கள் படிப்பிலும் உண்டு. குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் மாணவர்களின் நிலையைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரிக்கிறது. ஆனால் தேர்வு முடிவு வந்த பிறகு மாறும் நிறத்தை வைத்து என்ன செய்வது? நவம்பரில் சிவப்பானவரைப் பிப்ரவரியில் தேடினால், அவர் ஏதோ ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்.

இந்நாட்டின் உயர்கல்வி மன்றம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நேரடி வகுப்பு நடக்கும் பல்கலைக்கழகங்களில் சேர்வோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் உரிய காலத்தில் பட்டம் வாங்குகிறார். அதனால் முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருள் எங்கள் கல்லூரிக்கும் வேண்டும் என்று பேச்சு வந்தது. மூன்றை எடுத்துப் பார்த்தோம்.

முதலில் மூடுல், இணையத்தில் பாடம் நடத்த உதவும் மென்பொருள். பாடக் குறிப்புகளுக்காக ஏற்கெனவே வைத்திருக்கிறோம், உரிமக் கட்டணம் கிடையாது. 2017-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து, பாதியில் நின்றுவிடக்கூடிய மாணவர்களைக் கணிக்கும் வசதி அதிலேயே உண்டு. ஆனால் நிறுவியவுடன் அது வேலை செய்யாது. முடிந்துபோன பழைய பாடங்களை, தொடக்க தேதியும் முடிவு தேதியும் சரியாகப் போட்டு, அதற்குப் படிக்கக் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய பாடங்களில் பாதிக்கு முடிவு தேதியே இல்லை. அதனால் கணிப்பை விட்டுவிட்டு, 'சில நாட்களாக இந்தப் பாடத்துக்குள் வராதவர்கள்' என்ற எளிய பட்டியலை மட்டும் இயக்கினோம்.

மார்ச் மாதம் அந்தப் பட்டியலில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆயா எடுத்தார். என் பேச்சைக் கேட்டதும் "வணக்கம், தம்பி" என்று தமிழில் தொடங்கி, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினார். பேத்தி பின்கட்டில் படித்துக்கொண்டிருந்தாள். டேட்டா வாங்கக் காசு இல்லாததால், கல்லூரி வைஃபையில் எல்லாக் குறிப்பையும் ஒரே நாளில் ஃபோனில் இறக்கிவைத்திருந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அதே வாரம் இன்னொரு மாணவர் பட்டியலிலேயே இல்லை. தினமும் லாகின், அதுவும் இரவு ஒன்பது மணி வரைக்கும். ஏப்ரலில் அவர் நின்றுவிட்டார். உதவித்தொகை வரவில்லை, வாடகை அறை போய்விட்டது, நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கணினியின் கண்ணுக்கு அவர் வகுப்பிலேயே முதல் மாணவர். அவர் என் வகுப்பில் தூங்கியதை நான் மூன்று முறை பார்த்தேன். அதை எழுதிவைக்க எனக்கு ஓர் இடம் இல்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஸ்டார்ஃபிஷை நான் ஆதரிப்பது இதற்காகத்தான். 2021-ல் அமெரிக்காவின் ஈஏபி நிறுவனம் வாங்கிய இந்த மென்பொருளில், ஆசிரியரே ஒரு மாணவர் பெயர்மேல் எச்சரிக்கைக் கொடி போடலாம். 'இரண்டு வாரமாகச் சோர்வாக இருக்கிறார்' என்று ஒரு வரி சேர்க்கலாம். நன்றாகப் படிப்பவருக்குப் பாராட்டும் அனுப்பலாம். கொடி உரிய ஆலோசகருக்குப் போகும். அவர் என்ன செய்தார் என்று எழுதிவிட்டுத்தான் அதை இறக்க வேண்டும். மனிதர் பார்த்ததை மனிதருக்குச் சொல்லும் ஏற்பாடு. ஆசிரியர்கள் கொடி போடாவிட்டால் அதுவும் வெறும் பெட்டிதான்.

நேவிகேட்டும் ஈஏபியின் பொருளே; மாணவரின் பழைய பதிவுகளை வைத்து ஆபத்தைக் கணிப்பது (இப்போது அதன் பெயர் நேவிகேட்360). அதன் பெயரைச் சொன்னாலே அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். அங்கே 2012 முதல் ஒவ்வொரு மாணவரையும் 800-க்கும் மேற்பட்ட ஆபத்துக் குறிகளுக்காகக் கண்காணிக்கிறார்கள். 2003-ல் 32 விழுக்காடாக இருந்த பட்டம் பெறுவோர் விகிதம் பின்னர் 50-ஐத் தாண்டியது. உண்மை. ஆனால் அதே நேரத்தில் அவர்கள் 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். கட்டணத்தில் கொஞ்சம் குறைந்து நின்றவர்களுக்குச் சிறு உதவித்தொகையும் கொடுத்தார்கள். விற்பனையாளர் காட்டும் படத்தில் மென்பொருள் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. எங்களிடம் ஆலோசகர் இருவர்.

நேவிகேட்டில் எனக்குப் பெரிய தயக்கம் வேறொன்று. அதைப் பயன்படுத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, மாணவரின் இனத்தையும் ஆபத்துக் கணக்கில் சேர்த்திருந்ததை 2021-ல் தி மார்க்கப் செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்தது. மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும் கறுப்பின மாணவர் கூடுதல் ஆபத்தில் இருப்பவராகத் தெரிவார். இந்த நாட்டில் இதைக் கேட்கவே மனம் பதறுகிறது. 1950-ன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனப்பெட்டியில் போட்டது. இந்தியர்களுக்கென்று 1961-ல் சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி திறந்தார்கள். எங்கள் மாணவர்களின் தாத்தாக்கள் படகேறிப் போய்ப் படித்த இடம் அது. அந்தப் பெட்டியை மறுபடி ஒரு நிரலுக்குள் வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாங்குபவர் கேட்டால் அந்தக் காரணியை எடுத்துவிடலாம், கேட்க வேண்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரக் கணிப்பை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்கிறது. சிவப்பு வந்ததும் தானாக உதவியை நிறுத்தும் ஏற்பாட்டைப் பொதுவாகச் செய்ய முடியாது.

உள்ளூரிலும் ஒன்று உண்டு: டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்படும் ஆட்டோஸ்காலர். இது மதிப்பெண் பதிவுகளைப் படிக்கிறது. எந்தப் பாடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தேங்குகிறார்கள் என்று துறைக்குக் காட்ட நல்லது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈஏபியின் விலையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், ரேண்ட் சரிந்தால் டாலர் கணக்கு ஏறும். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மாணவர் பதிவுகள், அடாப்ட் ஐடி நிறுவனத்தின் ஐடிஎஸ் இன்டகிரேட்டர் என்ற மென்பொருளில் இருக்கின்றன. அமெரிக்கப் பதிவு முறைகளுக்குப் பழகிய ஒரு பொருளை அதனுடன் இணைக்க எவ்வளவு ஆகும், யார் செய்வார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

என் வாக்கு இப்படி. ஆயிரத்துக்குக் குறைவான மாணவர்கள் இருந்தால் மூடுலின் எளிய பட்டியல் போதும். அதன் பக்கத்தில், ஆசிரியர் ஒரு வரி எழுதப் பொதுத் தாள் ஒன்று வேண்டும். ஆலோசகர் பத்துப் பேராவது இருந்தால் ஸ்டார்ஃபிஷ். பல ஆண்டு மதிப்பெண் பதிவும் உதவிப் பணமும் இரண்டுமே இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கு, இனக் காரணியை நீக்கிய பிறகு, நேவிகேட்.

நாங்கள் இப்போதைக்கு முதலாவதில் நிற்கிறோம். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இரு ஆசிரியர்கள் பட்டியலோடும் தாளோடும் உட்கார்ந்து ஃபோன் செய்கிறோம். போன வாரம் பதினொரு பேரில் எட்டுப் பேர் எடுத்தார்கள். எடுக்காத மூவரில் ஒருவரின் வீடு சாட்ஸ்வொர்த்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமை நேரில் போகிறேன்.