ரிச்சி தெருவில் ‘ஒரிஜினல் கேம்’ என்று விற்கப்படும் கணக்கை வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி விளையாட்டு வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரப் போகும் பெற்றோர், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. நான் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதுவுமல்லாமல், இந்த வியாபாரத்தை அந்த ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

‘டிராகன்ஸ் டாக்மா’ என்ற விளையாட்டின் முதல் பாகத்தை 2016-இல் கணினிக்கு வந்தபோது விளையாடினேன். அதன் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று எட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 மார்ச் 22-இல் வந்தது. என் பழைய கணினிக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. இந்த ஜனவரியில்தான் காசு சேர்த்துப் புதிய கணினிக்கான பாகங்களை வாங்கினேன். அவற்றை விற்ற கடையில் ஒரு குறையும் இல்லை; ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டி, எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். கையோடு விளையாட்டையும் வாங்கிவிடலாம் என்று பக்கத்துச் சந்தில் ஒரு மாடிக் கடைக்கு ஏறியதுதான் தவறு. அக்கா மகனும் கூட வந்திருந்தான்.

“கணினிக்கு டிஸ்க் வருவதில்லை அண்ணா, கணக்காகத்தான் தருவோம். ஒரிஜினல். ஆயுளுக்கும் ஓடும்” என்றார் கடைக்காரர். இந்த விளையாட்டின் கணினிப் பதிப்பு டிஸ்க்காக வரவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். 1,400 ரூபாய். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் இருந்த விலையில் பாதிகூட இல்லை. பில்லில் விளையாட்டின் பெயர் இல்லை, ‘சாஃப்ட்வேர் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதினார். ஒரு துண்டுச் சீட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டு, “இறக்கியதும் ஆஃப்லைனில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஆன்லைன் பக்கமே போகாதீர்கள்” என்றார். காசு கொடுத்து வாங்கிய பொருளை ஏன் ஒளிந்துகொண்டு விளையாட வேண்டும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் ஒரே ஒரு பிரதியை வாங்கி, அந்த ஒரே கணக்கின் சாவியை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீம் கணக்கை விற்பதும் கைமாற்றுவதும் அதன் ஒப்பந்தப்படி கூடாது. எந்த நேரமும் முடக்கப்படலாம். இது எனக்கு அப்போது தெரியாது.

எந்த விளையாட்டாக இருந்தாலும் இது ஏமாற்றுதான். இந்த விளையாட்டில் அடி பல மடங்கு ஆழமாக விழுகிறது. ஏன் என்று புரிய அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும்.

இதில் நம்மோடு மூன்று துணைவர்கள் நடந்து வருவார்கள். ‘பான்’ என்று பெயர். ஒருவரை நாமே உருவாக்குகிறோம்: முகம், உயரம், குணம் எல்லாம் நம் விருப்பம். மற்ற இருவரும் உலகில் வேறு யாரோ உருவாக்கியவர்கள். நாம் உருவாக்கிய துணைவரும் அப்படியே இன்னொருவர் ஆட்டத்துக்குப் போய் உழைத்துவிட்டு, நாம் விடுதியில் தூங்கி எழும்போது பரிசோடு திரும்புவார். அங்கே பார்த்த குகையை, புதையலை நினைவில் வைத்திருந்து, “எனக்கு வழி தெரியும், வாருங்கள்” என்று முன்னால் நடப்பார். வேறெங்கும் நான் காணாத அழகான யோசனை இது. ஆஃப்லைனில் இது அத்தனையும் போய்விடும். நிறுவனமே செய்து வைத்த துணைவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். ஆக, முதல் நாளிலிருந்தே விளையாட்டின் உயிர்நாடி இல்லாத உடம்புதான் எங்களிடம் இருந்தது.

அப்படியிருந்தும் மூழ்கிப்போனோம். எங்கள் துணைவியின் முகத்தை என் அம்மாவின் சாயலில் அக்கா மகன் இரண்டு மாலை உட்கார்ந்து செதுக்கினான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, “என் மூக்கு இவ்வளவு நீளமா?” என்று கேட்டு அதை மாற்றவும் வைத்தார். நோய் தீர்க்கும் மந்திரக்காரி ஆக்கினோம்.

இதில் நினைத்த இடத்துக்கு நொடியில் தாவிப் போக முடியாது. அதற்கான கற்கள் அரிது. நடக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டு வண்டி. வண்டியில் கண்ணயர்ந்தால் நடுவழியில் கிரிஃபின் என்ற சிறகுள்ள ராட்சத விலங்கு வந்து வண்டியையே நொறுக்கிப் போட்டாலும் போடும். அடிபட அடிபட உயிரின் உச்சவரம்பே குறைந்துகொண்டு வரும், சாதாரண மருந்தால் திரும்பாது. விடுதியிலோ முகாம் போட்டோ தூங்கினால்தான் மீளும். இரவென்றால் உண்மையான இருட்டு. லாந்தரில் எண்ணெய் தீரும்போது வயிறு கலங்கும். ஒரு நாள் பள்ளத்தின் ஓரம் நின்ற ஒற்றைக்கண் பூதத்தைக் காலில் வெட்டிச் சாய்த்தோம். அது பள்ளத்தின் குறுக்கே விழுந்து, அதன் முதுகே எங்களுக்குப் பாலமாகிவிட்டது. யாரும் எழுதி வைத்த காட்சி போல இல்லை. எங்களுக்கே நடந்தது போல இருந்தது. அக்கா மகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். எதிரிகளில் வகை போதாது. நாற்பது மணி நேரத்துக்குப் பிறகும் அதே கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள், அதே பல்லி மனிதர்கள். கதை மெலிந்தது, பாதி வழியில் அவசரப்படுகிறது. விளையாட்டில் வரும் வெர்ன்வொர்த் நகரத்துக்குள் போனால் நல்ல கணினியும் திணறும்; நடமாடும் ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் கணினியின் மையச் செயலகம் (CPU) கணக்குப் போட வேண்டியிருப்பது காரணம் என்று வெளியான சமயத்தில் இதை உருவாக்கிய கேப்காம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. முழு விலை வாங்கிக்கொண்டு, உயிர்ப்பிக்கும் கல் போன்ற சின்னப் பொருள்களை முதல் நாளிலேயே தனிக் காசுக்கு வைத்ததும் நியாயமில்லை.

ஆனால் இந்தப் பதிவுக்கு முக்கியமான குறை வேறு: ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். தானாகச் சேமிக்கப்படுவது ஒன்று, கடைசியாக விடுதியில் தூங்கியபோது சேமித்தது ஒன்று. இரண்டும் அந்த ஒரே ஆட்டத்துக்குத்தான். முடிவு திருத்த முடியாததாக இருக்க வேண்டும் என்பது படைத்தவர்களின் எண்ணம். விளையாடும்போது அது நல்ல பயத்தைத் தருகிறது. துணைவர்களைப் பற்றும் ஒரு நோய்கூட உண்டு. கண் சிவந்து, சொன்ன பேச்சைக் கேட்காமல் முரண்டு பிடிப்பவரை நாம் கவனிக்காமல் விடுதியில் தூங்கினால், விடியும்போது ஊரே பிணக்காடு. அந்தப் பயத்தில் ஒவ்வொரு இரவும் துணைவியின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவோம். எங்கள் ஆட்டத்தை அழித்தது அந்த நோய் அல்ல.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் விளையாட்டு திறக்கவில்லை. கடந்த 24 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய கணினிகளில் இந்தக் கணக்கு திறக்கப்பட்டுள்ளது, பிறகு முயலவும் என்ற பொருளில் ஒரு செய்தி. இதில் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கும் டெனுவோ என்ற காப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கணினிக்கு மேல் விடாது. எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். “நாளைக்கு”, “இரவு பார்க்கலாம்” என்று நான்கு நாள் இழுத்துவிட்டு, இரவு பதினொன்றரைக்கு, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னார். நிறுவினேன். என் கணினியை முகம் தெரியாத ஒருவரிடம் திறந்து கொடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. நல்லவேளையாக வங்கிக் கணக்கு எதுவும் அதில் திறந்திருக்கவில்லை.

அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. கணக்கை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தார். உடனே ஒரு கேள்வி வந்தது: இந்தக் கணினியில் இருக்கும் சேமிப்பா, மேகத்தில் (ஸ்டீமின் இணையச் சேமிப்பகத்தில்) இருக்கும் சேமிப்பா? மேகத்தில் இருந்தது அன்று மாலைத் தேதி. எங்களுடையது ஐந்து நாள் பழையது. “வேண்டாம், நிறுத்துங்கள்” என்று தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அம்புக்குறி மேகத்தின் மேல் போய் அழுத்திவிட்டது.

விளையாட்டு திறந்தது. யாரோ ஒருவருடைய வீரன் கடற்கரையில் நின்றான். அவன் பக்கத்தில் நான் பார்த்தே இராத ஒரு துணைவன். எங்களுடைய 58 மணி நேரம் இல்லை. அக்கா மகன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் கடைக்குப் போனேன். “கணக்கு ஓடுகிறதா இல்லையா? ஓடுகிறது அல்லவா? சேமிப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்றார். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, “சர்வீஸ் பில்லுக்குப் பணம் வாபஸ் கிடையாது” என்று பில்லையே காட்டினார். விளையாட்டின் பெயரை ஏன் எழுதவில்லை என்பது அப்போது விளங்கியது.

ஆகவே, கடவுச்சொல்லை மாற்றக் கூடாது, ஆஃப்லைனிலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் திறந்த கணக்கில் சேர்வதுதான் உங்கள் விளையாட்டு. ஸ்டீமில் ரூபாயிலேயே வாங்கலாம், யுபிஐ எடுக்கும். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கணினி தாங்குகிறதா என்று பார்க்க அதுவே போதும். விலை அதிகம் என்றால் தள்ளுபடி வரும் வரை பொறுத்திருங்கள். எட்டு வருடம் காத்திருந்த நான் இன்னும் சில மாதம் காத்திருந்திருக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், யுபிஐ ரசீதையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தொலைவிலிருந்து கணினியை இயக்கியவர் வங்கிக் கணக்கில் கை வைத்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். நான் 1915-இல் பதிவு செய்து மூன்று வாரம் ஆகிறது. அதன் பிறகு கடையிலிருந்து 700 ரூபாய் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு அழைப்பு வந்தது. மறுத்துவிட்டேன்.

போன வாரம் என் பெயரில் வாங்கினேன். அக்கா மகன் மறுபடி முகம் செதுக்குகிறான். இந்த முறை அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மூக்கு சரியாக வந்துவிட்டது; நெற்றிச் சுருக்கம்தான் இன்னும் அமையவில்லை.