ராணுவ பாணி ட்ரோன் போட்டி: கடையில் வாங்கியதா, கையால் பூட்டியதா?

ட்ரோன் போட்டிக்கு மாணவர் அணியைத் தயார் செய்ய முனைந்தால், எந்தக் கருவியில் பழக்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கடையில் முழுமையாகக் கிடைக்கும் கேமரா ட்ரோன் ஒரு வழி. பாகங்களை வாங்கி நாமே பூட்டி, கண்ணில் காகிள்ஸ் அணிந்து, ட்ரோனின் கேமரா காண்பதை அதில் நேரடியாகப் பார்த்தபடி பறக்கவிடும், ஐந்து அங்குலப் புரொப்பெல்லர் கொண்ட எஃப்.பி.வி. (ஃபர்ஸ்ட் பெர்சன் வியூ) ட்ரோன் இன்னொரு வழி. மன்னார்குடி வட்டாரத்தில் நாங்கள் இரண்டிலும் பழகிப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். டெல்டாவில் அணி அமைக்கப்போகும் மற்ற கல்லூரிகளும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ராணுவங்கள் நடத்தும் போட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஆஸ்திரேலிய ராணுவம் 2018 அக்டோபரில் சிட்னியில் பல நாட்டு வீரர்களை அழைத்து நடத்திய ட்ரோன் பந்தயம் கைத்திறனுக்கானது. நம் விமானப்படை அதே ஆண்டு, கூட்டமாகப் பறக்கும் ட்ரோன்களுக்காக அறிவித்த மெஹர் பாபா போட்டியும், 2024 செப்டம்பரில் லடாக்கின் வாரி லா கணவாயில் நம் தரைப்படை நடத்திய ‘ஹிம் ட்ரோனத்தான் 2’ போட்டியும் தொழில்நுட்பத்துக்கானவை. முதலாவது, பறக்கவிடுபவரைச் சோதிக்கிறது. இரண்டாவது, கருவியைச் சோதிக்கிறது; வாரி லாவில், மெல்லிய காற்றும் குளிரும் உள்ள மலையில் அது எழும்புமா என்று பார்த்தார்கள். நான் இங்கே பேசுவது முதல் வகைக்கான தயாரிப்பைப் பற்றி.

கேமரா ட்ரோனின் நிறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. படம் தெளிவாக இருக்கும். அரை மணி நேரம் வரை பறக்கும். ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும். எஃப்.பி.வி. ட்ரோன் ஐந்து நிமிடம் போல்தான் தாங்கும். முழுக் கைக் கட்டுப்பாட்டில் கொஞ்சம் கவனம் சிதறினாலும் தரையைத் தொட்டுவிடும். ஆனால் குறுகிய சட்டத்துக்குள் நுழைந்து, மரத்தைச் சுற்றி வளைந்து, கீழே வைத்த இலக்கின் மேல் பாய வேண்டிய போட்டியில் அந்தக் கைக் கட்டுப்பாடுதான் மதிப்பெண் வாங்கித் தருகிறது. இதை நீட்டி முழக்கத் தேவையில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பழுது பார்க்கும் வசதி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. இடையில் வடகிழக்குப் பருவமழை. தை அறுவடை வரை எங்கள் மைதானத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். தரிசில் உளுந்து முளைத்த பிறகு தரை காய்ந்திருக்கும், ஆனால் யாருடைய வயலிலும் மிதித்துக்கொண்டு இறங்க முடியாது. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில், தவறி விழும் ட்ரோன் சேற்றில்தான் விழும்.

எஃப்.பி.வி. விழுந்தால் மாணவர்கள் செய்வது இதுதான். முதலில் பேட்டரியைக் கழற்றுவார்கள். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மின்சுற்றுப் பலகைகளைத் துலக்கி உலர்த்துவார்கள். மோட்டாரை விரலால் சுற்றி, கரகரப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே மணல் புகுந்திருந்தால் மோட்டாரை மாற்றிவிடலாம்: நான்கு திருகு, மூன்று ஒயர், சாலிடரிங் இரும்பு. திருகு தேவையைவிட நீளமாக இருந்தால் உள்ளே கம்பிச் சுருளைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் கார்பன் கை ஒடிந்தால் அந்த ஒரு கையை மட்டும் மாற்றினால் போதும். பூட்டும்போதே பலகைகளுக்குச் சிலிகான் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது, யு.எஸ்.பி. வாயிலும் காற்றழுத்த உணரியிலும் பூச்சு படக் கூடாது. இப்படிப் பூசியவை வயல் தண்ணீரில் நனைந்தும் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன.

கேமரா ட்ரோன் அதே சேற்றில் விழுந்தபோது கதை வேறு. கேமராவைத் தாங்கும் கிம்பலுக்குள் ஓடும் மெல்லிய ரிப்பன் ஒயர் அறுந்திருந்தது. மேலுறையைத் திறக்கவே தனிக் கருவிகள் தேவைப்பட்டன. பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். அது திரும்புவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது, பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. இதுவும் கையால் பூட்டுபவருக்குச் சாதகம்.

பழுது பார்ப்பதைப் போட்டிக்கு வெளியே உள்ள வேலையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறு படைப்பிரிவில் ஒருவர் பறக்கவிடுவார், ஒருவர் பக்கத்தில் நின்று வானத்தையும் எல்லையையும் பார்ப்பார், இன்னொருவர் பேட்டரியையும் பழுதையும் கவனிப்பார். களத்தில் கூரியர் வராது. விழுந்த கருவியை அடுத்த சுற்றுக்குள் எழுப்புவதும் அந்தப் பிரிவின் திறன்தான். எங்கள் மாணவி ஒருத்தி, "சார், நான் ஓட்ட வேண்டாம், பழுதுபார்க்கும் பெட்டியை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அணியின் ஆட்டமே மாறியது.

கடற்கரை விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நாங்கள் அதிகம் பறக்கவிட்டதில்லை. பூச்சு அங்கே எத்தனை காலம் தாங்கும் என்பதை அங்குள்ளவர்களே சொல்ல வேண்டும். இலக்கைத் தானே தேடும் தானியங்கிப் போட்டிகளிலும் எங்கள் அனுபவம் குறைவு. ட்ரோனை இயக்கும் மென்பொருள்களில், அங்கே கைக் கட்டுப்பாட்டுக்கான பீட்டாஃபிளைட்டை விட, தானியங்கிப் பறத்தலுக்கான ஆர்டுபைலட் பொருத்தமானது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அனுமதி விஷயத்தில் இரண்டு ட்ரோன்களுக்கும் ஒரே அக்கறை வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு அங்கிருந்து இயங்குகிறது. எந்த மைதானத்தில் இறங்கினாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அது பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் குறிப்பிட்ட உயரம் வரை பறக்கவிடக்கூடிய பகுதியில்) இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 2021 ட்ரோன் விதிகள், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகப் பச்சை மண்டலத்தில் தம் வளாகத்துக்குள் பறக்கவிடச் சலுகை தருகின்றன. வெறும் பயிற்சிக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் விதியைப் படித்துவிடுங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கேமரா ட்ரோனுக்கு ஒதுக்கிய தொகையில் எஃப்.பி.வி. பாகங்களையும், உதிரியாக மோட்டார், கைகள், புரொப்பெல்லர்களையும், ஒரு நல்ல சாலிடரிங் நிலையத்தையும் வாங்குங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரிகளைப் பயிற்சி முடிந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் உப்பிவிடும்.