வடக்குச் சந்துக்கு அரேகாவா, ராபிஸா?

எங்கள் வீட்டு வடக்குச் சந்து மூன்றடி அகலம். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் படுக்கையறை ஜன்னல். வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். எட்டு வருடத்துக்கு முன் அங்கே அரேகா பாம் என்ற அழகுப் பனை வைத்தேன். பெயரைக் கேட்டுவிட்டுப் பாக்கு காய்க்கும் என்று அத்தை இரண்டு வருடம் காத்திருந்தார். கமுகு வேறு, இது வேறு. இப்போது அந்த இடத்தில் நிற்பது ராபிஸ் என்ற இன்னொரு அழகுப் பனை. நர்சரியில் லேடி பாம் என்று கேளுங்கள்.

அழகு அவரவர் கண். விலையில் அரேகாதான், ஒரு ராபிஸ் பை வாங்கும் காசில் நான் நாலு அரேகா வாங்கியிருந்தேன்.

என்னை மாற வைத்தது உயரம். மடகாஸ்கரிலிருந்து வந்த அரேகா, தரையில் வேர் பிடித்தால் இருபதடி சாதாரணமாகப் போகும். நிழலில் வெளிச்சம் தேடி நெட்டையாகி, அடி மொட்டையாகிவிடும். என்னுடையது நாலாம் வருடமே சன்ஷேடை முட்டியது. செம்பருத்தி மாதிரி நுனியைக் கிள்ளவா முடியும்? தண்டுக்கு ஒரே குருத்து; அதை வெட்டினால் அந்தத் தண்டு அவ்வளவுதான். நெட்டைத் தண்டுகளை அடியோடு அறுத்தேன். பக்கக்கன்றுகளும் மேலேதான் ஓடின. ஒவ்வொரு தடவையும் ஆள்கூலி, சந்து நிறைய மட்டை.

ராபிஸ் தென்சீனத்துச் செடி; ஜப்பானில் எடோ காலத்திலேயே (1603–1868) தொட்டியில் வளர்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு அடியைத் தாண்டுவது அரிது, அதற்கே பல வருடம் எடுக்கும். என் குத்து மூன்று வருடத்தில் ஒன்றரை அடிதான் ஏறியிருக்கிறது. மூன்று வருடப் பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன், பத்து வருடக் கதை இனிமேல்தான்.

வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காய்ந்த இலை தானாக விழாது. கத்தரிக்கோலோடு மாதம் பத்து நிமிடம் குனிய வேண்டும். தண்டைச் சுற்றிப் பன்னாடை மாதிரி நார், அதன் இடுக்கில் மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும். ஹோஸால் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பேன். உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றினால் இரண்டுக்குமே நுனி கருகும்.

உச்சி வெயில் அடிக்கும் இடமென்றால் ராபிஸ் வேண்டாம், இலை வெளுத்துக் கருகிவிடும். எங்கள் கேட் ஓரத்தில் ஒரு அரேகா இன்னும் இருக்கிறது. அங்கே தலைக்கு மேல் சன்ஷேடு இல்லை.